இழுத்தபோது திறந்த விரிசல்: ஓக் ரிட்ஜ் உருகு உப்பு உலையில் ஒரு நிக்கல் கலப்புலோகம்

1969 டிசம்பர் 12-ஆம் தேதி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில், ஒரு சிறிய அணு உலையைக் கடைசி முறையாக நிறுத்தினார்கள். உருகு உப்புச் சோதனை உலை என்று அதற்குப் பெயர், சுருக்கமாக எம்.எஸ்.ஆர்.இ. மற்ற உலைகளைப் போல அதில் எரிபொருள் கம்பிகள் கிடையாது. யுரேனியம் கலந்த ஃப்ளோரைடு உப்பே எரிபொருள். 650 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது தண்ணீர் மாதிரி ஓடும். அந்த உப்பு 21,000 மணி நேரத்துக்கும் மேலாக ஒரு நிக்கல் கலப்புலோகத்தால் செய்த தொட்டியிலும் குழாய்களிலும் சுற்றி வந்திருந்தது.

உலை ஆறிய பிறகு உள்ளே இருந்து சில பாகங்களை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். உலோகத்தை உப்பு ஏறக்குறைய அரிக்கவே இல்லை என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: உப்பு பட்ட பரப்பு முழுக்க, அந்த உலோகத்தை இழுத்தாலோ வளைத்தாலோ வாய் திறக்கும் நுண் விரிசல்கள்.

அரிப்பே இல்லை, ஆனால் விரிசல் உண்டு. முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிற எனக்கு, "இந்த மெட்டீரியல் அரிப்பைத் தாங்குமா?" என்ற கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். எதன் நடுவில், எத்தனை டிகிரியில், எவ்வளவு காலம் என்று திருப்பிக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குப் புரிய வைத்தது இந்த உலையின் கதை. அதை முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

குரோமியம் எங்கே நண்பன், எங்கே இரை

நிக்கல் கலப்புலோகங்கள் சூட்டைத் தாங்குவது எப்படி என்று எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வருவது குரோமியம்தான். காற்றில் சூடேறும்போது குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய, அடர்த்தியான ஆக்சைடு படலம் ஒன்றைக் கட்டுகிறது. அந்தப் படலத்தைத் தாண்டி ஆக்சிஜன் உள்ளே போவதும் உலோக அணு வெளியே வருவதும் மிக மெதுவாகத்தான் நடக்கும். படலம் எங்கேயாவது உரிந்தால், அடியில் இருக்கும் குரோமியம் மறுபடியும் படலம் கட்டும். இன்னும் அதிகச் சூட்டுக்கு அலுமினியம் சேர்த்து அலுமினா படலம் வளர்ப்பார்கள். ஜெட் எஞ்சின் பிளேடுகள் அந்த வகை. எதுவானாலும் காப்பது அந்தப் படலம்தான். உலோகம் படலத்துக்கு வேண்டிய சரக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும் கிடங்கு.

இந்தப் பாதுகாப்பு உடையும் இடமும் தெரிந்ததுதான். கடலோரம் ஓடும் கேஸ் டர்பைன்களில், காற்றில் வரும் உப்பும் எரிபொருளில் இருக்கும் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட் ஆகி பிளேடில் படியும். அது 884 டிகிரியில் உருகும். உருகிய சல்ஃபேட் ஆக்சைடு படலத்தைக் கரைக்கும். படலம் போன இடத்தில் கந்தகம் நிக்கலோடு சேரும். நிக்கலும் நிக்கல் சல்ஃபைடும் சேர்ந்த கலவை 640 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். திடமாக இருக்க வேண்டிய பிளேடுக்குள் திரவம் ஊறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கும் மருந்து குரோமியம்தான்: கடல் டர்பைன் பிளேடுகளுக்கும் பூச்சுகளுக்கும் குரோமியத்தைக் கூட்டிப் போடுவார்கள்.

ஃப்ளோரைடு உப்பில் கதை அப்படியே தலைகீழ். அங்கே ஆக்சைடு படலம் நிற்காது. உப்பு அதைக் கரைத்துவிடும். உலோகம் வெறும் உடம்போடு உப்பில் நிற்கிறது. அப்போது எந்தத் தனிமம் ஃப்ளோரினோடு சேர அதிகம் ஆசைப்படுகிறதோ அது முதலில் போகும். குரோமியத்தின் ஃப்ளோரைடு மிகவும் நிலையானது, அடுத்தது இரும்பு, அதற்கும் பிறகுதான் நிக்கலும் மாலிப்டினமும். ஆக, காற்றில் காவல் நின்ற குரோமியம்தான் உப்பில் முதல் இரை. நான்கு ஃப்ளோரினைப் பிடித்திருக்கும் யுரேனியம் டெட்ராஃப்ளோரைடு, குரோமியத்துக்கு ஃப்ளோரினைக் கொடுத்துவிட்டு, தான் மூன்றே ஃப்ளோரின் உள்ள டிரைஃப்ளோரைடாக இறங்கிக்கொள்ளும். குரோமியம் ஃப்ளோரைடு உப்பில் கரைந்து ஓடிவிடும்.

நம் வீட்டு ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரசம் இருக்கிறவரை அடுப்பின் மேல் ஒன்றும் ஆகாது. ரசம் வற்றி, வெறும் சொம்பாக நெருப்பில் இருந்தால் ஒழுகி உட்கார்ந்துவிடும். சொம்பும் அதேதான், அடுப்பும் அதேதான். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் வேறு. பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம், புளி வைக்க ஈயம் பூச வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்ததும் இதே கணக்குத்தான்.

ஐனார்-8 பிறந்த விதம்

ஓக் ரிட்ஜ்காரர்கள் இந்தப் பாடத்தை முன்பே ஒரு தடவை கற்றிருந்தார்கள். 1950-களில் அணுசக்தியால் பறக்கும் விமானம் என்ற திட்டம் அமெரிக்க விமானப்படையிடம் இருந்தது. அதற்காக 1954 நவம்பரில் ஒரு சிறு உலையைச் சில நாட்கள் ஓட்டினார்கள். சோடியம், சிர்கோனியம், யுரேனியம் ஃப்ளோரைடுகள் கலந்த உப்பு. வெப்பம் சுமார் 860 டிகிரி வரை போனது. குழாய்கள் இன்கொனெல், அதாவது ஏறக்குறைய 15 சதவீதம் குரோமியம் உள்ள நிக்கல் கலப்புலோகம். சில நாள் சோதனைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் சோதனைக் கூடத்தில் இன்கொனெல் குழாய்களில் உப்பை நீண்ட நேரம் சுற்றவிட்டுப் பார்த்தபோது, சூடான பக்கத்தில் மேற்பரப்புக்குக் கீழே கடற்பஞ்சு மாதிரி நுண்ணிய குழிகள் விழுந்தன. குரோமியம் வெளியேறி, அது இருந்த இடம் காலியாகி, காலியிடங்கள் ஒன்றுகூடி உண்டான குழிகள் அவை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. உப்பு ஓரிடத்தில் நின்றால், குரோமியம் கொஞ்சம் கரைந்ததும் சமநிலை வந்து அரிப்பு தானே அடங்கிவிடும். ஆனால் உலையில் உப்பு சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சூட்டில் அதிகம் கரைந்த குரோமியம் குளிர்ந்த பக்கத்தில் படியும். காலியான கையோடு உப்பு மறுபடி சூடான பக்கம் வந்து மறுபடி கரைக்கும். இப்படியே விட்டால் ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் குரோமியமே இல்லாமல் செய்தால் என்ன? முடியாது. குழாயின் உட்புறம்தான் உப்பு. வெளிப்புறம் 650 டிகிரியில் ஆக்சிஜன் உள்ள வாயு. அங்கே குரோமியம் இல்லாவிட்டால் வெளியிலிருந்து செதில் செதிலாக உதிரும். மாலிப்டினம் நிறைய உள்ள ஹாஸ்டெல்லாய்-பி என்ற கலப்புலோகம் உப்பை நன்றாகத் தாங்கியது. ஆனால் காற்றில் நிற்கவில்லை, இந்த வெப்பத்தில் நாட்பட இருந்தால் எளிதில் முறியும்படி ஆகிப்போனது.

கடைசியில் அவர்கள் பிடித்த சமரசம் அழகானது. குரோமியம் 6 சதவீதத்துக்குக் குறைந்தால் காற்றுப் பக்கம் தாங்காது, 8-ஐத் தாண்டினால் உப்புப் பக்கம் தாங்காது. சரி, 7 வையுங்கள். வலிமைக்கு மாலிப்டினம் ஏறக்குறைய 16. இரும்பு 5-க்குள். கார்பன் துளி. மீதி நிக்கல். ஐனார்-8 என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஹாஸ்டெல்லாய்-என் என்ற வணிகப் பெயரில் சந்தைக்கு வந்ததும் இதுதான். ஒரே சுவர் இரண்டு பக்கம் இரண்டு எதிரிகளைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதை ஒற்றை எண்ணில் அடக்கிய இந்த 7 சதவீதம், பொருளறிவியலில் நான் மதிக்கும் முடிவுகளில் ஒன்று.

நான்கரை ஆண்டு ஓட்டம்

எம்.எஸ்.ஆர்.இ. 1965 ஜூன் 1-ஆம் தேதி தொடர்வினை நிலையை, அதாவது அணுப் பிளவு தானே தொடர்ந்து நடக்கும் நிலையை, எட்டியது. லித்தியம், பெரிலியம், சிர்கோனியம், யுரேனியம் ஆகியவற்றின் ஃப்ளோரைடுகள் கலந்த உப்பு. மொத்தம் ஏறக்குறைய 2 கன மீட்டர். கிராஃபைட் தண்டுகளுக்கு நடுவே அது மேலேறும்போது பிளவு நடந்து சூடாகும். வெப்பமாற்றியில் அந்தச் சூட்டை யுரேனியம் இல்லாத இன்னொரு உப்புக்குக் கொடுக்கும். அந்த இரண்டாவது உப்பைக் காற்று ஊதி ஆற்றினார்கள். மின்சாரம் எடுக்கவில்லை, நோக்கமும் அதுவல்ல. வெப்பத் திறன் சுமார் 8 மெகாவாட்.

1968-இல் உப்பிலிருந்த யுரேனியத்தை ஃப்ளோரின் வாயு கொண்டு பிரித்தெடுத்துவிட்டு, தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியம்-233-ஐச் சேர்த்து ஓட்டினார்கள். யுரேனியம்-233-ஐ மட்டும் எரிபொருளாகக் கொண்டு ஓடிய முதல் உலை இதுதான். 1996-இல் தொடர்வினை நிலையை எட்டிய நம் கல்பாக்கத்தின் 30 கிலோவாட் காமினி உலைக்கும் அதே யுரேனியம்-233-தான் எரிபொருள். அளவிலும் வேலையிலும் இரண்டும் முற்றிலும் வேறு, ஆனாலும் எம்.எஸ்.ஆர்.இ. பற்றிப் படிக்கும்போதெல்லாம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியம் எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

அரிப்பை அவர்கள் எப்படிக் கண்காணித்தார்கள்? அவ்வப்போது சிறு வாளி போன்ற ஒன்றை இறக்கி உப்பு மொண்டு, அதில் கரைந்திருக்கும் குரோமியத்தை அளந்தார்கள். உலோகத்திலிருந்து போனது உப்பில் தெரிந்தாக வேண்டும் அல்லவா, அந்தக் கணக்கு. குரோமியம் ஏறியது மிகக் கொஞ்சம். எல்லாப் பரப்பிலும் பரப்பிப் பார்த்தால் சில மைக்ரான் ஆழம்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு.

ஒரு விஷயம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது: உப்பின் குணத்தை அவர்களால் கட்டுப்படுத்த முடிந்தது. யுரேனியம் பிளக்கும்போது அது பிடித்திருந்த நான்கு ஃப்ளோரின்களும் விடுபடும். பிறக்கும் புதுத் தனிமங்கள் அத்தனையையும் பிடித்துக்கொள்வதில்லை. ஆக, உலை ஓட ஓட உப்பு மெல்ல மெல்ல அரிக்கும் குணம் பெறுகிறது. அதற்கு மாற்றாக, துளையிட்ட நிக்கல் கூண்டில் பெரிலியம் உலோகத் தண்டு ஒன்றைப் பம்புக் கிண்ணத்துக்குள் இறக்கி, சில மணி நேரம் உப்பில் தொங்கவிட்டார்கள். பெரிலியம் உபரி ஃப்ளோரினை வாங்கிக்கொள்ளும், யுரேனியத்தில் ஒரு சிறு பங்கு டிரைஃப்ளோரைடாக இறங்கும். நூற்றுக்கு ஒன்று போல அந்தப் பங்கை வைத்திருந்தால் குரோமியம் பத்திரம். சாம்பாரில் புளி தூக்கலாகிப்போனால் பருப்பைக் கூட்டி விடுகிற மாதிரி, உலோகத்தைத் தொடாமல் உப்பைத் திருத்துவது.

இழுவைச் சோதனை சொன்னது

உலைக்குள் கிராஃபைட்டுக்கு நடுவே ஐனார்-8 மாதிரிக் கம்பிகளும் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை போல அவற்றில் சிலவற்றை எடுத்து, கதிர்வீச்சுத் தடுப்பு அறைக்குள் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். நியூட்ரான் பட்டால் வலிமை என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். அந்தப் பயம் நியாயமானது. நிக்கலும், கலப்புலோகத்தில் துளியாக இருக்கும் போரானும் நியூட்ரானை வாங்கி ஹீலியத்தை உண்டாக்கும். ஹீலியம் மணி எல்லைகளில் குமிழியாகச் சேர்ந்து உலோகத்தை முறியும்படி ஆக்கும்.

மணி எல்லை என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். உலோகத் துண்டு பார்க்க ஒரே கட்டியாகத் தெரிந்தாலும், நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அமிலம் தொட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கற்களை நெருக்கி அடுக்கிய சுவர் மாதிரித் தெரியும். ஒவ்வொரு கல்லும் ஒரு படிக மணி. இரண்டு மணிகள் ஒட்டும் கோடுதான் மணி எல்லை. லேபில் நாங்கள் கிரெயின் பவுண்டரி என்போம். எல்லையில் அணுக்களின் அடுக்கு கலைந்திருப்பதால் வேற்றுத் தனிமங்கள் அந்த வழியாக எளிதில் நுழையும்.

இழுவைச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்றால், இதைக் கற்பனை செய்து பாருங்கள். பேனா நீளக் கம்பி, இரண்டு முனையும் பிடிக்குள். இயந்திரம் மெதுவாக இழுக்கிறது. நல்ல நிக்கல் கலப்புலோகம் என்றால் கம்பி நீண்டு, நடுவில் இடை ஒடுங்கி, மேற்பரப்பு லேசாகச் சொரசொரத்து, அப்புறம்தான் டப்பென்று அறும். அறுந்த துண்டை நீளவாட்டில் வெட்டி, பேக்லைட்டில் பதித்து, தாள்மேல் தாளாகத் தேய்த்து, கடைசியில் துணியில் வைரப் பசை போட்டு மெருகேற்றுவோம். பிறகு மைக்ராஸ்கோப்பின் கீழே ஓரத்தை மட்டும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போவோம். நல்ல மாதிரியில் ஓரம் மழமழவென்று ஒரே கோடாகப் போகும். கெட்டுப்போன மாதிரியில் அந்தக் கோடு சீப்பின் பல் மாதிரி உள்நோக்கி வெட்டுப்பட்டிருக்கும். நான் பார்த்த வேறு வேலைகளில்கூட, இப்படி ஒரு ஓரம் தெரிந்ததும் அறையில் பேச்சு நின்றுவிடும்.

எம்.எஸ்.ஆர்.இ. மாதிரிகளின் ஓரம் அப்படித்தான் இருந்தது. உப்பு பட்ட பரப்பில், மணி எல்லை வழியாகவே இறங்கும் விரிசல்கள். முதல் மாதிரிகளில் இது அவ்வளவாகக் கண்ணை உறுத்தவில்லை. உப்பில் இருந்த காலம் கூடக் கூட விரிசலின் எண்ணிக்கையும் கூடியது. ஆழம் பெரிதில்லை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, சில இடங்களில் அதற்கும் சற்று மேல். ஆனால் வெப்பமாற்றிக் குழாயின் சுவர் மொத்தமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எடை இழப்பு இதைக் காட்டாது. உப்பில் கரைந்த குரோமியமும் காட்டாது. எல்லை பலவீனமாகிவிட்டது, ஆனால் உலோகம் எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. யாராவது இழுக்கிறவரை எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். கதிர்வீச்சுக்காக வைத்த இழுவைச் சோதனை இல்லாமல் இருந்திருந்தால், உலை நின்ற பிறகுகூட "அரிப்பு மிகக் குறைவு" என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

யார் செய்தது

உலை நின்ற பிறகு நடந்த விசாரணைதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எச். இ. மெக்காயும் பி. மெக்நாபும் இதைத் தொகுத்து 1972-இல் ஆய்வக அறிக்கையாக வெளியிட்டார்கள். குற்றவாளியைத் தேடுவதை அவர்கள் ஆரம்பித்தது விலக்குவதிலிருந்து.

நியூட்ரானா? உலையின் மையத்தில் இருந்த கட்டுப்பாட்டுக் கம்பியின் உறையில் விரிசல் இருந்தது. ஆனால் நியூட்ரான் அதிகம் படாத வெப்பமாற்றிக் குழாயிலும் அதே விரிசல். ஆக, நியூட்ரான் முதல் காரணம் அல்ல. உப்பா? இரண்டாவது சுற்றில் ஓடிய உப்பும் ஃப்ளோரைடுதான், ஓடிய காலம் இன்னும் அதிகம். அந்தப் பக்கம் இந்த விரிசல் இல்லை. சோதனைக் கூடக் குழாய்களில் யுரேனியம் கலந்த உப்பு ஆண்டுக்கணக்கில் சுற்றியபோதும் இல்லை. மிச்சம் என்ன? பிளவு நடக்கும் உப்பில் மட்டும் இருப்பது பிளவில் பிறந்த தனிமங்கள். அவற்றில் ஒன்றுதான் செய்திருக்க வேண்டும்.

பிளவு என்பது ஆவர்த்தன அட்டவணையில் பாதியைப் பெற்றுப்போடும் வேலை. அதில் உப்பில் ஃப்ளோரைடாகக் கரைந்து நிற்பவை உண்டு, வாயுவாகப் போய்விடுபவை உண்டு, இரண்டிலும் சேராமல் உலோகப் பரப்பிலும் கிராஃபைட்டிலும் போய் ஒட்டுபவை உண்டு. சந்தேகத்துக்கு உரிய தனிமங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஐனார்-8 மாதிரிகளோடு சேர்த்துச் சூடுபடுத்தி, இழுத்துப் பார்த்தார்கள். உலையில் கண்ட அதே மாதிரியான விரிசலைத் தந்தது டெலூரியம். உலைத் துண்டுகளை உடைத்து, எல்லைப் பரப்பை, மேற்பரப்பில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும் ஓஜே நிறமாலைமானியில் பார்த்தபோதும் டெலூரியம் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் இது அவ்வளவு அந்நியமான ஆள் அல்ல. அட்டவணையில் ஆக்சிஜனுக்குக் கீழே கந்தகம், அதற்குக் கீழே செலீனியம், அதற்கும் கீழே டெலூரியம். எல்லாம் ஒரே தொகுதி. டர்பைன் பிளேடில் நிக்கலைத் தின்னும் கந்தகத்தின் தம்பிதான் இங்கே மணி எல்லையில் புகுந்திருக்கிறது. நிக்கலுக்கு இந்தக் குடும்பத்தோடு ஒரு பலவீனம் எப்போதும் உண்டு. உலையில் உண்டான டெலூரியம் மொத்தமே மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் உலோகத்தின் உள்ளே பரவிக் கரைந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. எல்லையை மட்டும் தேடிப் போனதால்தான் அவ்வளவு சேதம்.

இரண்டு பக்கத்திலிருந்தும் மருந்து

வெவ்வேறு உலோகங்களை டெலூரியத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்த ஒரு தகவல், இதை எழுதும்போதும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. டெலூரியத்தைத் தாங்கியவற்றில், 23 சதவீதம் போலக் குரோமியம் உள்ள நிக்கல் கலப்புலோகங்கள் இருந்தன. துருப்பிடிக்காத எஃகு வகைகளும் தாங்கின. குரோமியம் மறுபடியும் நண்பனாகிவிட்டது. உப்புக்காக 7-க்கு இறக்கிய அதே குரோமியத்தை டெலூரியத்துக்காக மூன்று மடங்கு ஏற்றினால் உப்பு அதைத் தின்னும். காற்று, உப்பு, டெலூரியம் என மூன்று எதிரிகள். ஒவ்வொருவரும் குரோமியத்துக்கு வேறு வேறு அளவு கேட்கிறார்கள்.

ஆகவே வேறு கதவுகளைத் தட்டினார்கள். கதிர்வீச்சு முறிவுக்காக ஏற்கெனவே 2 சதவீதம் டைட்டானியம் சேர்த்த வகையை உருவாக்கியிருந்தார்கள். அது நுண்ணிய கார்பைடு துகள்களை உண்டாக்கி ஹீலியத்தை ஆங்காங்கே பிடித்துவைக்கும். ஆனால் டெலூரியத்துக்கு அது உதவவில்லை. 1 முதல் 2 சதவீதம் நியோபியம் சேர்த்த வகையில் விரிசல் வெகுவாகக் குறைந்தது. குரோமியத்தைத் தொடாமலே கிடைத்த முன்னேற்றம் என்பதால் அந்த வகையையே மேற்கொண்டு எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வழி உப்புப் பக்கம் இருந்தது. ஜே. ஆர். கைசரும் உடனிருந்தவர்களும் 1970-களின் நடுவில் டெலூரியம் கலந்த உப்பில் மாதிரிகளை வைத்து, உப்பின் குணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். டெட்ராஃப்ளோரைடுக்கும் டிரைஃப்ளோரைடுக்கும் உள்ள விகிதம் சுமார் 60-க்குக் கீழே இருந்தால், அதாவது டிரைஃப்ளோரைடின் பங்கு நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் இருந்தால், விரிசல் ஏறக்குறைய இல்லை. விகிதம் அதைத் தாண்டியதும் விரிசல் சரசரவென்று ஏறுகிறது. டிரைஃப்ளோரைடு கூடி, ஒடுக்கும் குணம் (அரிக்கும் குணத்துக்கு நேர் எதிர்) ஏறிய உப்பில் டெலூரியம் டெலூரைடாகக் கட்டுண்டுவிடுகிறது, உலோகத்தைத் தேடிப் போவதில்லை என்பது விளக்கம். எம்.எஸ்.ஆர்.இ. ஓடும்போது வைக்க நினைத்த நூற்றுக்கு ஒன்று, குரோமியத்தைக் காக்கப் போதுமானது. டெலூரியத்துக்குக் கொஞ்சம் போதாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே நான்கு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். இன்னும் சில பெரிலியம் தண்டுகள் அடிக்கடி இறங்கியிருந்தால் விரிசல் வராமலே போயிருக்கலாம் என்று நினைக்கும்போது மனசு கொஞ்சம் கனக்கிறது. அந்தக் கோடு அங்கே இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அதற்காக டிரைஃப்ளோரைடை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. மிதமிஞ்சினால் யுரேனியம் கிராஃபைட்டோடு சேர்ந்து கார்பைடாகப் படியத் தொடங்கும். ஒரு பக்கம் டெலூரியம், மறுபக்கம் கார்பைடு. நடுவில் நடக்க இடம் இருக்கிறது, ஆனால் தினமும் அளந்து நடக்க வேண்டும். 2 சதவீதம் நியோபியமும், இந்த உப்புக் கட்டுப்பாடும் சேர்ந்தால் போதும் என்பதே ஓக் ரிட்ஜ் குழு வந்து நின்ற இடம்.

ஆனால் பெரிய உலையில் அதைச் சோதிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1000 மெகாவாட் மின்சாரம் தரும் தோரிய உலை ஒன்றுக்கான திட்டம் தயாராக இருந்தது. 30 ஆண்டு ஓட வேண்டும், உப்பின் வெப்பம் 700 டிகிரியை ஒட்டி. 1972-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் மதிப்பீடு பொருட்களின் பிரச்சினையைத் தடைகளில் ஒன்றாகச் சுட்டியது. 1973 ஜனவரியில் திட்டத்தை நிறுத்தினார்கள், 1974-இல் திரும்பத் தொடங்கினார்கள், 1976-இல் முழுதாக மூடினார்கள். பணமும் அரசியலும் உருகிய சோடியத்தால் ஆற்றும் வேக உலையின் பக்கம் போயிருந்தன. விரிசல் மட்டுமே காரணம் என்று சொல்வது சரியில்லை. கைசரின் விகித முடிவு அறிக்கையாக வெளிவந்தபோது திட்டமே இல்லை.

வூவெய்

சீனாவின் கான்சு மாகாணத்தில், வூவெய் நகரை ஒட்டிய பாலைவனப் பகுதியில், 2 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட தோரிய உருகு உப்பு உலை ஒன்று 2023 அக்டோபரில் தொடர்வினை நிலையை எட்டியது. எம்.எஸ்.ஆர்.இ.-க்குப் பிறகு உப்பிலேயே எரிபொருள் கரைந்து ஓடும் உலை இதுதான். அதன் உலோகம் ஜி.எச்.3535. பெயர்தான் புதிது, நிக்கல், 16 போல மாலிப்டினம், 7 போலக் குரோமியம் என்று ஐனார்-8-இன் அதே சமையல் குறிப்பு. அரை நூற்றாண்டு கழித்தும் அந்த 7-ஐ யாரும் நகர்த்தவில்லை.

அங்கிருந்து வரப்போகும் ஆய்வுக் கட்டுரைகளில் எடை இழப்பு எவ்வளவு, உப்பில் குரோமியம் எவ்வளவு என்ற எண்கள் நிச்சயம் இருக்கும். அவை நன்றாகவே இருக்கும் என்று நம்புகிறேன். நான் முதலில் புரட்டித் தேடப்போவது வேறு ஒரு படத்தை: உலைக்குள் சில ஆண்டு இருந்த மாதிரியை வளைத்து, வெட்டி, மெருகேற்றி, உப்பு பட்ட ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம்.